கைய வெச்சுப் பாத்தியா

இந்தக் குளிர்காலம் ஆரம்பிச்சப்ப எங்க வீட்டு ஈரப்பெட்டி வேலை செய்யல. அவ்வளவுதாம்மா. உன் மாமனார எப்படித் தெரியும்னு கேட்டா, நான் அங்கேந்துதான் ஆரம்பிக்கணும்.

உக்காரு. இந்தப் பெரோகிய, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைய எடுத்துக்கோ, ஆறிடும். அந்த மைக்குக்கெல்லாம் நான் வரமாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன். உன் மாமனார் ஓரஸ்டப் பத்திப் பேச இங்க நூறு பேரு இருக்காங்க.

என் பேரு ஸ்வெயின். ஆமா, அந்த ஸ்வெயின்தான். உன் புருஷன் சொல்லியிருக்கானா? நல்லதா சொல்லியிருக்க மாட்டான். இருபத்தாறு வருஷம் நானும் ஓரஸ்டும் சேந்து இந்த ஊருல வீட்டச் சூடாக்கற ஃபர்னஸ் மாட்டினோம்.

ஈரப்பெட்டி தெரியாதா? டொரொண்டோவுல அடுக்குமாடியில இருந்தியா, சரி. வீட்டுக்கு அடியில, ஃபர்னஸுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கும். உள்ள ஒரு சல்லடை. அது மேல தண்ணி வடியும். சூடான காத்து அது வழியாப் போயி ஈரத்த எடுத்துக்கிட்டு வீடு பூரா போவும். வெயில்காலத்துல அந்த வழிய ஒரு தகட்டால மூடணும், குளிருக்குத் திறந்து விடணும். வெளிய ஒரு கைப்பிடி இருக்கு. ஒரு பக்கம் கோடை, ஒரு பக்கம் குளிர்னு எழுதியிருக்கும். இதுல என்ன இருக்கு?

அதுலதான் இருந்துச்சு. பதினோரு வருஷம் முன்னாடி, ஒரு டீச்சரம்மா வீடு. வேலை முடிச்சுக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். ஓரஸ்ட் அந்தம்மா முன்னாடியே கேக்கறான், ஸ்வெயினு, கைய வெச்சுப் பாத்தியாடா? மூடியக் கழட்டி, உள்ள கைய விட்டு, காத்து வருதான்னு பாக்கணுமாம். கைப்பிடிதான் குளிர்ல நிக்குதே, அப்புறம் கை எதுக்குன்னேன். கைப்பிடி என்ன வேணா சொல்லும்டான்னான். அந்தம்மா சிரிச்சுட்டா. அன்னிக்கே வேன்லேந்து என் சாமான எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதோட பேச்சு நின்னுச்சு.

சின்ன விஷயம்தான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

ஆர்டித்த பாத்தியா? என் பொண்டாட்டி. அதோ காபி ஊத்திட்டு நிக்கிறா, சாம்பல் கலர் ஸ்வெட்டர். இதயத்துக்கு மாத்திரை சாப்புடறா, ரத்தம் உறையாம இருக்க. வீட்டுக் காத்து காஞ்சா மூக்குல ரத்தம் வரும். வந்தா நிக்காது. அக்டோபர் கடைசியில ஒரு மத்தியானம் மூணு மணி நேரம் நிக்கல. ஆஸ்பத்திரியில அடைச்சு அனுப்பினாங்க. இன்னொரு தடவை இப்படி வரக் கூடாதுன்னாரு டாக்டர், என்னமோ நான் வேணும்னு வரவழைச்ச மாதிரி.

நான் சும்மா இருப்பனா? சல்லடைய மாத்தினேன். வால்வ மாத்தினேன். சுண்ணாம்பு படிஞ்ச குழாயெல்லாம் மாத்தினேன். தண்ணி நல்லாத்தான் ஓடுது, வீடு மட்டும் அப்படியே காஞ்சு கிடக்கு. கதவத் தொட்டா ஷாக் அடிச்ச மாதிரி சுரீர்ங்குது. பூனை என்னைப் பாத்தாலே ஓடுது. ஓரஸ்டக் கூப்புடுன்னா ஆர்டித். நான் செத்தாலும் மாட்டேன்னேன். சாகப் போறது நீ இல்லியேன்னா.

நவம்பர்ல கண்ணு ஆபரேஷனுக்கு பிராண்டன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு நாள். திரும்பி வந்து பாக்கறேன், சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடியில கீழ ஓரமா ஈரம் கோத்திருக்கு. ஆர்டித் மூக்கு சரியாப் போச்சு. எனக்குத் தல கால் புரியல. பனியில கல்லு தள்ளி ஆடற கர்லிங் கிளப்புல போய் அளந்தேன் பாரு, நான் போட்ட வால்வு, நான் போட்ட சல்லடைன்னு. அந்த மேசையில நாலு பேரு உக்காந்திருக்கானுங்கள்ல, அவனுங்களுக்குத்தான் ரெண்டு மாசம் அளந்தேன். ஆர்டித் வாயே திறக்கல.

ஜனவரியில சுண்ணாம்பு துடைக்கக் கீழ போனேன். சல்லடை மாத்தின தேதியெல்லாம் பெட்டி மேல பேனாவால எழுதி வெப்போம், எங்க பழக்கம். என் தேதிக்குக் கீழ இன்னொரு தேதி. நவம்பர் பதினேழு, நான் பிராண்டன்ல இருந்த நாள். ஏழுக்கு நடுவுல குறுக்கால ஒரு கோடு.

ஆமா, உன் மாமனார் கையெழுத்துதான். கடைக்கு எழுதிக் குடுக்கற சீட்டுல பாத்திருப்ப.

அதுக்குக் கீழ ஒரு வரி. கைய வெச்சுப் பாத்தேன்.

கழட்டிப் பாத்தேன். கைப்பிடி குளிர்லதான் நின்னிருக்கு, எப்பவும் போல. உள்ள திருகு தேஞ்சு, தகடு மட்டும் மூடியே கிடந்திருக்கு. இப்ப புதுத் திருகு பளபளன்னு இருக்கு.

போன் பண்ணியிருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு அஞ்சு வாரம் போச்சு. ஞாயித்துக்கிழமை அவன் போயிட்டான்.

என்னது? செப்டம்பர்லேந்தே அவனுக்கு ஆக்சிஜனா? வீட்ட விட்டே வெளிய போகலியா? அன்னிக்கு நீ வேலைக்குப் போயிருப்பம்மா. ஆர்டித்துதான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போய் அவனக் கூட்டிட்டு வந்திருக்கா.

இரு. சக்கரம் வெச்ச சிலிண்டரா அது?

பெட்டிகிட்ட கீழ இறங்கற படிக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தேன். பிராண்டன்லேந்து வந்து பாத்தா மேலேந்து கீழ வரைக்கும் ரெண்டு கோடு. துணிக்கூடைய இழுத்தியாடின்னு ஆர்டித்த அந்தக் கத்து கத்தினேன். ஆமான்னா. பதிமூணு படிம்மா. செங்குத்தான படி. எனக்கே மூச்சு வாங்கும்.

அந்த என் கைத்தடிய எடு. இல்ல, பாத்ரூமுக்கு இல்ல. ஃபாதர் கிட்ட சொல்லு, மைக்க அணைக்க வேணாம். நீளமா எல்லாம் பேச மாட்டேன். அந்த நாலு பேருக்கும் கேட்டாப் போதும். எங்க வீட்டுப் பெட்டிய சரி பண்ணது நான் இல்ல, ஓரஸ்ட் பசராபா.