தலைக் கயிற்றைப் பிடித்தவர்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களே, மூப்பர் சங்கத்தாரே, கல்லறைத் தோட்டத்திலிருந்து ஈரக் கோட்டோடு வந்து அமர்ந்திருக்கும் கில்மார்டி சபையாரே!

நம் சங்கத்தின் எழுத்தர் மங்கோ டால்கெட்டி மறைந்தார். யாரையும் நம்பாத மனிதர் மறைந்தார்! பிஷப் வேண்டாம், ஒருவர் கையில் அதிகாரம் வேண்டாம் என்று ஒருவரையொருவர் கண்காணிக்கும் சபை நம்முடையது. மூப்பர் கூட்டங்களின் தீர்ப்புகளை எழுதிய பழைய ஏடுகள் இருக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று என்னிடம். அவர் என்னை நம்பினாரா? இல்லை! நான் அவரை நம்பினேனா? அதுவும் இல்லை!

நியூசிலாந்திலிருந்து ஐல்சா பெட்ரி தன் வம்சத்தைத் தேடி வந்தார். "இன்னிக்கு மழை, பெட்டியத் தெறக்க முடியாது" என்றார் டால்கெட்டி. ஸ்காட்லாந்தில் என்றைக்கு மழை இல்லை? ஆள் எதையோ மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு திடீரென்று சங்கத்தைக் கூட்டினார். என் சாவியையும் வாங்கிப் பெட்டியைத் திறந்து, ஐல்சாவை வைத்துக்கொண்டே உரக்க வாசித்தார். ஐல்சாவின் பாட்டிக்குப் பாட்டி, வேலைக்காரி ஜேனட் பெட்ரி, மணமாகாமல் பிள்ளை பெற்றதற்காக அன்றைய மூப்பர்கள் முன் நிறுத்தப்பட்டாள். தகப்பன் யார் என்று கேட்டார்கள். விசாரித்த மேசையிலேயே உட்கார்ந்திருந்த மூப்பர் தாமஸ் டால்கெட்டியைக் காட்டினாள். பொய் என்று எழுதி அவளைச் சபையை விட்டு விலக்கினார்கள்.

"அந்தத் தாமஸ் எங்க தாத்தாவோட தாத்தாய்யா. அந்தத் தீர்ப்ப நான் ஏத்துக்கல. என் மறுப்ப ஏட்டுல ஏத்தணும்" என்றார் மங்கோ.

"மறுப்புச் சொல்லணும்னா அந்தக் கூட்டத்துல இருந்திருக்கணும். நீர் இருந்தீரா?" என்று கேட்டேன். நம் சட்டம் அதுதானே!

"நான் இல்ல. எம் மூக்கு இருந்துச்சு. இந்தம்மா மொகத்தப் பாரும், அதே டால்கெட்டி மூக்கு!"

மூக்கு சாட்சியாகுமா? சிரித்தோம். கைதூக்கித் தள்ளுபடி செய்தோம்.

கல்யாணமாகாதவர், சொந்தமென்று யாருமில்லாதவர். இன்று காலை அவரைக் குழியில் இறக்கும்போது, சவப்பெட்டியை இறக்கும் கயிறுகளில் நெருங்கிய உறவுக்கே உரிய தலைமாட்டுக் கயிற்றை, தலைக் கயிற்றை, ஐல்சா பிடித்தார். அது மங்கோவே எழுதிவைத்த ஏற்பாடு. "வீட்ட அமுக்கத்தான் வந்திருக்கா" என்ற முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. பின்வரிசையாரே, யாரை என்று திரும்பிப் பார்க்க வேண்டாம், உங்களைத்தான்! எனக்கும் சந்தேகம் வந்தது. நேரே வழக்கறிஞரிடம் போய் விசாரித்தேன். வீடு சபைக்கு. ஐல்சாவுக்கு அவர் விட்டுச் சென்றது அந்தக் கயிறு மட்டும்தான்.

மங்கோ, உம் சாவியை நாங்கள் காப்போம். யாரையும் நம்பாமல் காப்போம்!

இன்னும் ஒன்று. முணுமுணுத்தவர்கள் சொன்னதை நான் மறுக்கிறேன். இந்தக் கூட்டத்தில் நான் இருக்கிறேன், ஆகவே என் மறுப்பு செல்லும். போதகர் ஐயா, ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐல்சா பெட்ரி, மங்கோ டால்கெட்டியின் சொந்தம்.