இரண்டு சுற்று

கைப்பிடி தொங்கிவிட்டால் பூட்டே போய்விட்டது என்று எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். பத்துக்கு எட்டு முறை அப்படி ஒன்றும் இருக்காது. உள்ளே ஒரு ஸ்பிரிங் களைத்துப் போயிருக்கும், இல்லையென்றால் கதவு தன் கனத்திலேயே ஒரு நூல் இறங்கியிருக்கும். கீலில் ஒரு திருகு கொடுத்தால் நிமிர்ந்துவிடும். மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று சொல்கிற ஆள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஐயா.

இரட்டைக் கண்ணாடி போட்ட கதவு, ஜன்னல்களின் பூட்டும் கைப்பிடியும்தான் என் தொழில். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். சரியாக மூடினால் வெளியில் இருக்கிற சத்தம் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். நீங்கள் கேட்கிற அந்தத் தெருவில் எதிரெதிரே இருக்கிற இரண்டு அடுக்குமாடிகளிலும் முக்கால்வாசி ஜன்னல் என் கைபட்டது. எல்லாம் நன்றாக மூடும்.

வீட்டில் எனக்குக் குறை இல்லை. மனைவி நல்லவள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்காது. நடுக்கூடத்தில் கிடக்கும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு போகும். வெளியில் எனக்குப் பெயரே கைப்பிடிதான். சின்ன மச்சான் கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது. என் மகளே ஃபோனை எடுத்து, "கைப்பிடி குளிக்கிறாரு, அப்புறம் கூப்பிடுங்க" என்பாள். நானும் சிரிப்பேன்.

ஐந்தாம் மாடி அம்மா என்னை முதல் நாளே "மெக்கானிக் சார்" என்று கூப்பிட்டார். அறுபத்தொரு வயது, தனியாக இருந்தார். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவர் வேலை. மேசை முழுக்கத் தாள், கையில் சிவப்புப் பேனா, மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில். அவருடைய தம்பி இரண்டு தெரு தள்ளி இருந்தார். வேலை முடிந்து தினமும் சாயங்காலம் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவார்.

பால்கனிக் கதவின் கைப்பிடி ஆடுகிறது என்றுதான் கூப்பிட்டிருந்தார். கால் மணி நேர வேலை. நான் கருவிகளை எடுத்து வைக்கும்போது அவர் ஏதோ தொழிற்பயிற்சிப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் சார், பூட்டுக்குள்ளேர்ந்து ஒண்ணு நீட்டிக்கிட்டு வருமே, அத நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"நாக்குன்னு சொல்வோம்மா."

"பாருங்க, இவரு அதுக்கு ஒரு வரி நீளத்துக்கு எழுதி வச்சிருக்காரு. படிக்கிற புள்ளைங்களுக்கு மூச்சு வாங்கும். நாக்கு. அவ்வளவுதானே." அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்து காட்டினார். "உங்க வார்த்தை சார்" என்றார். அன்று நான் லிஃப்டில் இறங்கவில்லை. படியிலேயே இறங்கினேன், கொஞ்ச நேரம் அதிகமாகும் என்பதற்காக.

மூன்று மாதம் கழித்து நான் ஏன் அங்கே போயிருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி, வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி. இரண்டையும் சேர்ப்பது நடுவில் ஓடும் ஒரு சதுரக் கம்பி. அந்தக் கம்பியை வெளிக் கைப்பிடியோடு பிடித்து வைப்பது மிளகு அளவில் ஒரு ஸ்க்ரூ. அதை அரைச் சுற்று தளர்த்தி வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் கைப்பிடி மறுபடி ஆட ஆரம்பிக்கும். ஃபோன் வரும். நான் போவேன், இறுக்குவேன், காபி குடிப்பேன், இந்தச் சொல் சரியா அந்தச் சொல் சரியா என்று அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். கிளம்பும் முன் அரைச் சுற்று. ஐந்து தடவை இப்படி நடந்தது. முதல் தடவைக்குப் பிறகு நான் காசு வாங்கியதில்லை. திருடினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"இந்தக் கதவுக்கு உங்களப் பாக்காம இருக்க முடியல போல" என்று ஒரு நாள் சிரித்தார். எனக்குக் காது வரை சூடேறியது.

ஆறாவது தடவை அவர் காபியோடு என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. காலம் முழுக்க எழுத்துக்கு எழுத்து பார்த்தே பழகிய கண். அவருக்கு ஒரு நொடி போதும்.

"இறுக்கணும்னா வலப்பக்கம் சுத்தணும், இல்ல சார்?" என்றார். "நீங்க இடப்பக்கம் சுத்துறீங்க."

ஸ்க்ரூவைத் திருகும் சாவி என் கையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"கதவு கெட்டாத்தான் வரணும்னு இல்ல. சும்மாவே வாங்க. எனக்கும் பேச ஆள் வேணும்தானே." பிறகு சிரித்தார்.

ஐயா, மனிதனுக்கு உடம்பெல்லாம் கூசும் என்பார்கள். அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. காபிக்காகவும் இரண்டு வார்த்தைக்காகவும் ஒரு கதவைக் கெடுத்தவன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் சிரிக்கிறார். கருவிகளைப் பையில் அள்ளிப் போட்டேன். "சரி பண்ணிட்டேம்மா" என்றேன். "தெரியும் சார்" என்றார்.

மூன்றாவது மாடிப் படியில் ஸ்க்ரூ நினைவுக்கு வந்தது. பேச்சில் கை தன் போக்கில் திருகிக்கொண்டே இருந்திருக்கிறது. அரைச் சுற்று இல்லை, இரண்டு முழுச் சுற்று. அவ்வளவு தளர்ந்தால் சில நாளில் கம்பி உள்பக்கமாக நழுவிவிடும். அப்புறம் கதவு உள்ளிருந்து திறக்கும், பால்கனியிலிருந்து திறக்காது. இது எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். மறுபடி ஏறிப் போய் மணியடித்து, அவர் முகத்துக்கு முன்னால் அதை இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் இறங்கிப் போய்விட்டேன்.

நாளைக்குப் போகலாம் என்று பதினோரு நாள் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் எதிர்க் கட்டடத்தில், அதே ஐந்தாம் மாடியில் எனக்கு வேலை வந்தது. சமையலறை ஜன்னல் மூடவில்லை. குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், காவலாளி சாவி கொடுத்தார். நான் வேண்டுமென்று அங்கே போகவில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

பதினொன்று ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா வாளியில் ஈரத்துணியோடு பால்கனிக்கு வந்தார். பின்னால் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. துணியைக் காயப்போட்டு முடித்துக் கைப்பிடியைத் திருப்பினார். அது சும்மா சுழன்றது. அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. பிடிமானம் இல்லாத கைப்பிடியைத் திருப்பும்போது மணிக்கட்டு வேறு மாதிரி போகும். நாலைந்து தடவை முயன்றார். எட்டிக் கீழே பார்த்துக் கூப்பிட்டார். பிறகு திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார்.

அவர் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். கையை முஷ்டியாக்கி, கைப்பிடியைத் திருப்புவது போலக் காற்றில் திருப்பிக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் கையைத் தூக்கினேன்.

வருகிறேன் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கீழே ஒரு ஆள் அதற்குள் நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், ஆள் வருகிறது என்று அவரைப் போகச் சொல்லிக் கையாட்டினார். அந்த ஆள் போய்விட்டார். அம்மா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

நான் இறங்கினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவைத் தாண்டி அவர் கட்டடத்தின் வாசல் வரை போனேன். அம்மா வீட்டு வாசற்கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். காவலாளியிடம் சொல்ல வேண்டும், தம்பிக்கு ஃபோன் போட வேண்டும், அவரிடம் இன்னொரு சாவி இருக்கும், அவர் வந்து திறப்பார், நாலு பேர் கூடி நிற்பார்கள். பால்கனிக் கதவைத் திறந்ததும் யாராவது கேட்பார்கள், இந்த ஸ்க்ரூ எப்படி இவ்வளவு லூசாச்சு என்று. அம்மா என்னைப் பார்ப்பார். மறுபடியும் வேண்டுமென்றே செய்துவிட்டு, காப்பாற்ற வந்தவன் போல வந்து நிற்கிறான் என்று நினைப்பார். நினைத்துவிட்டு, அதையும் மன்னித்துவிடுவார்.

காவலாளி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். "என்ன கைப்பிடி, இங்க வேலையா?" என்றார்.

"இல்ல, எதிர்ல" என்றேன். திரும்பிவிட்டேன்.

மேலே வந்து வேலையைத் தொடர்ந்தேன். பதினொன்று ஐம்பதுக்கும் பன்னிரண்டு இருபதுக்கும் அவர் எண்ணுக்கு நான் கூப்பிட்டதைப் பார்த்துத்தான் முதலில் என்னை விசாரித்தீர்கள். கவலைப்பட்டுக் கூப்பிட்டேன் என்று சொன்னேன். அது பொய். ஃபோன் உள்ளே மேசைமேல் கிடப்பது எனக்குத் தெரியும். அவர் அதை எடுக்க முடியாது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன். பின்னால் யாராவது கேட்டால் நான் கூப்பிட்டேன் என்று இருக்கட்டும் என்றுதான்.

பன்னிரண்டுக்குமேல் அந்தப் பால்கனியில் வெயில் நேராக விழும். நிழலென்று ஒன்றும் கிடையாது. அவர் எழுந்து ஈரப் போர்வையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு வாளிமேலேயே உட்கார்ந்தார். மறுபடியும் என் பக்கம் பார்த்தார். வாய் அசைந்தது, தெரு இரைச்சலில் கேட்கவில்லை. ஜன்னல் வேலை முடிந்துவிட்டிருந்தது, மூடிப் பார்த்தேன். நன்றாக மூடியது. ஒரு சத்தம் வரவில்லை. திரையை இறக்கிவிட்டேன்.

ஒரு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு வேலைக்குப் போனேன். அங்கேயும் நன்றாகத்தான் செய்தேன். நாலு மணிக்கு யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கும் நினைத்துக்கொண்டேன்.

ஆறரைக்குத் தம்பி வந்து திறந்தபோது போர்வை காய்ந்து மொடமொடவென்று இருந்ததாம். மருத்துவமனையில் மறுநாள் மத்தியானம் வரை உயிர் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து அந்தத் தம்பி என் வீட்டைத் தேடி வந்தார். மகள் "அப்பா, உங்களப் பாக்க ஆள்" என்று கூப்பிட்டாள். எதற்காகவோ அன்று அப்பா என்றாள்.

"அக்கா நெனவு வந்தப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க" என்றார். "'மெக்கானிக் சார் பாத்துட்டாரு. வந்துட்டே இருக்காரு'ன்னு. நீங்க பாத்தீங்களாண்ணே?"

"கை காட்டினாங்க" என்றேன். "சும்மா வணக்கம் சொல்றாங்கன்னு நெனச்சு நானும் காட்டினேன். அப்புறம் மனசு கேக்காம ரெண்டு தடவ ஃபோன் பண்ணேன். எடுக்கல."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் கேட்டார், வீட்டைக் காலி செய்யப் போகிறேன், அந்தக் கதவை மட்டும் சரி பண்ணிக் கொடுக்க முடியுமா என்று. "உங்களத் தவிர வேற யாரையும் அக்கா அதத் தொட விட்டதில்ல."

போனேன். கம்பியை வெளியே தள்ளி, ஸ்க்ரூவை வலப்பக்கம் இரண்டு சுற்று சுற்றினேன். வெளியே நின்று கைப்பிடியைத் திருப்பினேன். நாக்கு உள்ளே போனது. கதவு திறந்தது. உள்ளே தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் திரும்பி எதிர் ஜன்னலைப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதுத் தோட்டில் கல் எத்தனை என்று எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். நான் திரையை இறக்கியது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இறக்கும்போது அவர் வாளியை விட்டு எழுந்து நின்றார், ஐயா. வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிறான், இதோ வரப்போகிறான் என்று நினைத்து, கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மிச்சத் திரையையும் இறக்கினேன்.

தம்பி கூலி கொடுக்க வந்தார். வாங்காமல் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கதவைக் கெடுத்தது நான். அவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தும் போகாதது நான். வேறு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நான் கெட்டவன் இல்லை, ஐயா. அன்று கதவோரத்தில் என்னைப் பிடித்தபோது அவர் நாலு வார்த்தை திட்டி வெளியே அனுப்பியிருந்தால், பன்னிரண்டாம் நாள் ஒரே ஓட்டமாக மாடியேறிப் போயிருப்பேன். அவர் சிரித்துவிட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.