ஜீப்பில் எத்தனை பேர், எங்கெங்கே?

— சட்டையப் பெறகு கழட்டலாம். இன்டர்வியூல முதல்ல என்ன கேட்டாக, அதச் சொல்லுங்க.

— மூச்சு விடவிடு சுகிர்தம். தேக்கடியில இருந்து கம்பம் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வாரேன்.

— ஒரு மாசமா தொண்டத்தண்ணி வத்த இங்கிலீஷ் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த ஓட்டல்ல உங்களுக்கு டிரைவர் வேலை அமைஞ்சாத்தான் நான் ஏலக்காட்டுக்குப் போறத நிப்பாட்ட முடியும். எனக்குத்தான் மூச்சு முட்டுது. சொல்லுங்க மச்சான்.

— மேனேஜர் மலையாளத்துச் சாரு. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாரு புள்ள.

— கர்த்தாவே! ‘மேரீட் வித் சுகிர்தம்’னு சொல்லிட்டீகளா?

— அதான் வாயில வந்துச்சு. அதுக்கு நீ அன்னிக்குக் கரண்டியத் தூக்குனது கண்ணு முன்னால நின்னுச்சு. ‘மேரீட் டு சுகிர்தம்’னு திருத்திட்டேன்.

— அப்பாடா. நம்ம ‘சுகிர்தத்தோட’ன்னு நெனைக்கிறோம், அந்த ‘வித்’ தானா வந்து விழுந்துருது. பெறகு?

— எப்ப வந்து சேந்தேன்னாரு. ‘ஐ ரீச்டு தேக்கடி அட் நைன்’.

— நடுவுல ‘டு’ போடலையே?

— ‘தேக்கடிக்கு’ன்னு நாக்கு இழுக்கத்தான் செஞ்சுச்சு. பல்லக் கடிச்சு நிறுத்திட்டேன் புள்ள.

— என் ராசா! வண்டி ஓட்டுறதப் பத்தி?

— ‘ஐ ஆம் குட் அட் டிரைவிங்’. ‘இன்’ இல்ல, ‘அட்’. சாரு தலைய ஆட்டுனாரு பாரு, பூம்பூம் மாடு மாதிரி.

— அப்ப வேலை உறுதி. பெறகு ஏன் மூஞ்சி இப்பிடித் தொங்குது?

— கடைசியா ஒண்ணு கேட்டாரு. இப்ப ஓட்டுற ஜீப்புல ஆளுக எங்கன உக்காருவாகன்னு.

— அத நம்ம நல்லாப் படிச்சதாச்சே! ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ எல்லாத்துக்கும் தமிழ்ல நம்ம ‘ஜீப்புல’ன்னு ஒரே ‘ல’வ ஒட்டிருவோம்னு, நம்ம ஜீப்பக் காட்டித்தான சொல்லிக் குடுத்தேன்?

— அப்பிடியேதான் சொன்னேன். ‘டுவெல்வ் பீப்பிள் இன் தி ஜீப். ஃபைவ் ஆன் தி ஜீப். ஃபோர் ஹேங்கிங் அட் தி பேக்’.

— பாவி மனுசா! ஏலக்காட்டுக்கு ஆளு ஏத்துற லட்சணத்த அவுககிட்டயேவா ஒப்பிச்சீக?

— மேட்டுல ஏறயில முன் சக்கரம் தூக்கும்ல, பாரத்துக்கு ரெண்டு பேர முன்னால உக்கார வப்போமே. அதையும் விடல. ‘டூ ஆன் தி பானெட்’.

— அய்யய்யோ. என்ன சொன்னாக?

— பேனாவ மூடிட்டாரு. ‘இங்கிலீஷ்ல ஒரு குத்தமும் இல்ல. ஆனா எங்க விருந்தாளிகள உன்னைய நம்பி அனுப்ப மாட்டேன்’னுட்டாரு.

— போச்சு. நாளைக்கும் ஏலக்காய்தான். இந்த நகத்துக் கறை என்னைய விட்டுப் போகாது.

— அழுவாத புள்ள.

— அழுவல. சிரிப்பு வருது. பானட்டுல ரெண்டு பேராம்!

— இன்னும் கேளு. இவ்வளவு சுத்தமா யாரு சொல்லிக் குடுத்தான்னாரு. என் வீட்டுக்காரின்னேன். அங்கன வேலை பாக்குற பயலுக ஒருத்தனுக்கும் விருந்தாளிககிட்டப் பேச வரலையாம். மாசச் சம்பளம் தாரேன், சொல்லிக் குடுக்க உன் வீட்டுக்காரிய வரச் சொல்லுன்னாரு.

— என்னையவா? வெளையாடாதீக.

— சத்தியமா. நாளைக்கே வரணுமாம்.

— அப்ப விடியமுன்ன உங்க ஜீப்புலயே வந்துருதேன் மச்சான்!

— அது மட்டும் கூடாதாம். டீச்சரம்மா முழுசா வந்து சேரணும், பஸ்ல ஏத்தி விடுன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாரு.