நாக்குக்காரர்

— வாயைத் திறடா.

— எதுக்கு?

— திறன்னா திற. நாக்கைத் தூக்கு. கன்னத்தை இழு... இது என்னது?

— எது?

— முழுங்கிட்டேன்னு சொன்ன மாத்திரை கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்துல குடித்தனம் நடத்துதே, அது! காலம் பூரா பரீட்சை ஹால்ல பிட்டு பிடிச்சவகிட்டயா உன் வேலையைக் காட்டறே? துப்பு, என் கையில.

— பெரிய சி.ஐ.டி. வந்துட்டா. அக்கா, இது உன் பள்ளிக்கூடம் இல்ல, என் வீடு.

— உன் வீடுதான். உன் வீட்டு வாளியைக் கழுவினவ நான். டீயை உறிஞ்சி உறிஞ்சித் துப்பறியே, அந்த வாளி. அடியில மஞ்சளா பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. சுரண்டிப் பார்த்தா அத்தனையும் மாத்திரை.

— யாரு உன்னைக் கழுவச் சொன்னது?

— ஆமா, கழுவினதுதான் குத்தம்! ரத்தத்துல புத்துநோய்னு சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதவன் நீ. தினமும் விடாம மாத்திரை போட்டா போதும், வேலைக்கே போலாம்னு டாக்டர் சொன்னப்ப அவர் கையைப் பிடிச்சுக் கும்பிட்டவனும் நீதான். இப்ப என் முன்னாடி தண்ணியைக் குடிச்சுட்டுக் கழுத்தை அண்ணாந்து நாடகம் ஆடறே. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பறே. சின்ன சத்தம்கூட வராது.

— அது தொழில்க்கா. வாயில போறது தொண்டைக்குள்ள இறங்கக் கூடாது. நாள் பூரா டீ ருசி பார்க்கறவன் எல்லாத்தையும் முழுங்கினா வயிறு என்னத்துக்கு ஆகும்? உனக்கெங்க புரியப்போகுது.

— புரியாதுப்பா. நான் வெறும் வாத்தியார். உன்னை மாதிரி துப்பிச் சம்பாதிக்கத் தெரியாது.

— கிண்டல் பண்ணு, நல்லா பண்ணு. அந்த மாத்திரையைப் போட்டா துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு வாயெல்லாம். கம்பெனியில என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? நாக்குக்காரர். நான் தலையை ஆட்டினாத்தான் மூட்டை லாரியில ஏறும். நாக்கு போச்சுன்னா நான் யாரு?

— உயிர் போச்சுன்னா நீ யாருடா? அதையும் யோசிச்சு வெச்சிருக்கியா? செத்துப்போன நாக்குக்காரருக்கு உன் கம்பெனியில சிலை வைக்கப்போறாங்களா?

— வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டே.

— வாய் ஒரு மாதிரி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அவர் ஏதாவது வழி பண்ணியிருப்பார். சொல்றதுக்கென்ன கேடு?

— யார்கிட்ட சொல்றது? அந்த நர்ஸ் அம்மாகிட்டயா? போன் பண்ணி 'மாத்திரை சாப்பிட்டீங்களா சார், வெரிகுட்'ங்குது. அடுத்தது தாலாட்டுப் பாடும் போல. நீ வேற, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கூண்டு வெச்ச மாத்திரை டப்பாவும் சேவல் மாதிரி கூவற அலாரமும் வாங்கிட்டு வந்திருக்கே. எனக்கென்ன நாலு வயசா?

— நாலு வயசுல நீ ஒழுங்கா முழுங்கினே! மரியாதை கேக்கற மூஞ்சியைப் பாரு. அடங்கியிருந்த நோய் மறுபடி ஏறிடுச்சுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நல்ல மருந்தாச்சே, ஏன் கேக்கலன்னு அந்த டாக்டர் மண்டையைப் பிச்சுக்கறார். நாளைக்கு வாங்க, இதைவிடக் கடுமையான மருந்துக்கு மாத்தறதைப் பத்திப் பேசுவோம்னு சொல்லியிருக்கார். அதையும் வாளியிலதானே போடுவே?

— நாளைக்கு நான் வரல. புது இலை வருது, ருசி பார்க்கணும். நீயே போய் மருந்து கேக்கலன்னு சொல்லிட்டு வந்துடு.

— உனக்காக நான் போய்ப் பொய் சொல்லணுமா? த்தூ! உன் தொழிலை நானும் கத்துக்கிட்டேன் பாரு.

— விடுக்கா. மாத்திரையை நிறுத்தினப்புறம்தான் நாக்கு எனக்குத் திரும்பி வந்திருக்கு. அது போதும்.

— திரும்பி வந்துடுச்சா?

— வந்துடுச்சு. முன்னைவிடச் சுத்தமா.

— சரி. இந்தா, டீ ஆறுது. குடி.

— நீ போட்ட டீயா? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். கொடு, கொடு. ஸ்ஸ்ர்ர்ர்... த்தூ.

— எப்படி?

— கருமம். பழைய இலை. மூட்டையோட ஈரத்துல கிடந்திருக்கு. காம்பையும் சேர்த்து அரைச்சிருக்கான் திருட்டுப் பய. பால் ஊத்தாம குடுத்தியே, பாலாவது தப்பிச்சது.

— இன்னொரு வாய் பாரு. அவசரப்படாதே.

— ஸ்ஸ்ர்ர்ர்... த்தூ. எத்தனை வாய் பாத்தாலும் இதான். கசப்பு அடிநாக்குல போய் நிக்குது, இறங்க மாட்டேங்குது. வெயில் படாத சரிவுல பறிச்ச இலை இப்படித்தான் கசக்கும். உனக்கெல்லாம் சொன்னா எங்க விளங்கும்.

— கசக்குதா?

— அதான் சொல்றேனே. காது கேக்கலையா?

— முந்தாநாள் பால் கெட்டுப்போயிருந்துச்சு. நான் வாயில வைக்க முடியாம கொட்டினேன். நீ ஒரு டம்ளர் குடிச்சுட்டு ஏப்பம் விட்டே. அப்பவே எனக்குச் சந்தேகம்.

— அதுக்கும் இந்த டீக்கும் என்ன சம்பந்தம்?

— அது டீயே இல்லடா. ஒரு இலைகூடப் போடல. வெந்நீர்ல சர்க்கரையை அள்ளிக் கொட்டி, நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கி ஊத்தினேன். பாயசம் மாதிரி தித்திக்குது. நீ கசக்குதுங்கறே. மாத்திரையைத் துப்பித் துப்பி நீ காப்பாத்தின நாக்கு எப்பவோ போயிடுச்சு, நீயாவது இருடா.