சாமி மேல பட்டா

ரூபன், வயது முப்பத்தாறு, தகப்பனார் பெயர் தோமினிக், எடப்பாடி, தறிக்காரர் பின்தெரு, மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் பம்பும் பழுது பார்க்கும் தொழில், விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ஜோஸ்லினுடன் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். நாங்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. இதை முதலில் எழுதினால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று சொன்னேன். எழுதப்பட்டது.

நானும் எங்கள் தெருவில் குடியிருக்கும் லாரி டிரைவர் தீர்த்தகிரியும் இன்னும் சில நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஓடாமல் கிடக்கும் ஒரு தறிக் கொட்டகையில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்து விளையாடி வருகிறோம். அது சிறிய பிளாஸ்டிக் உருண்டையைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடுவோம். உருண்டை பட்டவன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். என்னிடம் உள்ளது திருவிழாக் கடையில் வாங்கிய மலிவுச் சரக்கு. வாங்கியபோது பத்தடி தாண்டினால் உருண்டை பழைய லாரி போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

எனவே நான் அதைக் கழற்றி, உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனில் இருந்த தொளதொளத்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு ஸ்பிரேயரின் வளையம் ஒன்றைப் போட்டேன். அதன் பிறகு உள்குழாய் ஆடாமல் இருக்க, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றினேன். அதன் பிறகு குழாயின் உட்புறத்தைப் பஞ்சும் பாலிஷும் வைத்துத் தேய்த்து, சற்றுக் கனமான உருண்டையைப் போட்டுச் சுட்டதில் நேராகப் போயிற்று. நான் செய்த ஆயுத உற்பத்தி இவ்வளவுதான். ஸ்பிரிங்கை நான் தொடவே இல்லை. காற்று ஒழுகாததால் வேகம் கொஞ்சம் கூடியது உண்மை. அதை வாயை மூடிக்கொண்டு மறைத்திருந்தால் இன்றைக்கு நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊருக்கு எச்சரிக்கை சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்.

எங்களோடு விளையாட வருபவர்களில் செல்போன் கடை வைத்திருக்கும் சந்தோஷ்குமாரும் ஒருவர். அவர் விலை உயர்ந்த துப்பாக்கி வைத்திருக்கிறார். நான் வளையம் மாற்றிக் கொண்டுபோன ஞாயிறன்று, வரிசையாக வைத்த காலி டப்பாக்களை என் மலிவுத் துப்பாக்கி ஒவ்வொன்றாகத் தள்ளியது. அவருடையது ஒன்றைக்கூட அசைக்கவில்லை. தீர்த்தகிரி, "என்னங்க சந்தோசு, உங்க துப்பாக்கி இன்னிக்கு வெரதங்களா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். சந்தோஷ்குமார் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு தீர்த்தகிரி, தன் துப்பாக்கிக்கும் அதே போலச் செய்து தரும்படி என்னிடம் கொடுத்தார். அவருடைய மகள் தீபிகாவுக்கு ஒன்பது வயது. ஞாயிறு தவறாமல் அப்பாவோடு வந்து, கீழே சிந்திய உருண்டைகளை டம்ளரில் பொறுக்கித் தருவாள். தானும் சுட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். வேலை முடிந்ததும் தீர்த்தகிரிக்குத் தெரிவிக்க எங்கள் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் நான் குரலாக அனுப்பிய செய்தி பின்வருமாறு: "மாப்ள, ரப்பர் மாத்தியாச்சு. முன்ன மாதிரி இல்ல, பவர் ஏறியிருக்குது. சாமி மேல பட்டா ஆபத்து. கண்ணாடி போடாம சாமிய முன்னால நிறுத்தாத. ஞாயித்துக்கிழம எடுத்துட்டு வாரேன்."

இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை.

அந்த ஞாயிறுதான் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் சப்பரம் புறப்படும் நாள். அது என் மனதில் இல்லவே இல்லை. மேற்படி சந்தோஷ்குமார் என் குரலை அப்படியே எடுத்து, "சாமி ஊர்வலத்துல சுடப் போறானுங்க, உசாரு" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அவர் வெளியூர்க்காரர் அல்ல. இதே ஊரில் பிறந்தவர். தன் கடைக்கு வரும் பாதிப் பேரை "வாங்க சாமி" என்று கூப்பிட்டுத்தான் பிழைப்பு நடத்துகிறார்.

அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிற்று. அங்கே மாட்டியிருந்த என் பட்டறைப் பெயர்ப் பலகையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் சப்பரத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் தண்ணீர் தெளிப்பது என் பட்டறை ஸ்பிரேயர்தான். அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்களே முன்வரிசையில் நின்றார்கள். வீட்டுச் சொந்தக்காரரான சாலம்மாள் என் மனைவியிடம் வந்து, "ஏஞ்சாமி, எனக்கு எதுக்குங்க ஊரு பொல்லாப்பு? ஊட்டக் காலி பண்ணிக்கங்க சாமி" என்றார். நான் குறுக்கிட்டு, "இப்ப எங்கள என்னன்னு கூப்புட்டீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர், "நான் என்ன சாமி கூப்புட்டேன்?" என்றார். எனக்கு அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜோஸ்லின் அப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் கட்டியதை நான் அவிழ்த்தேன். நான் அவிழ்த்ததை அவள் மறுபடி கட்டினாள்.

அதன் பிறகு காவலர்கள் வந்து என்னையும் துப்பாக்கிகளையும் என் செல்போனையும் இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் அம்மா தென்மாவட்டத்திலிருந்து மாறுதலில் புதிதாக வந்தவர் என்று அறிந்தேன். அவர் செய்தியை என் எதிரிலேயே முழுவதும் கேட்டுவிட்டு, சப்பரத்துக்குக் கண்ணாடி போடுவார்களா மாட்டார்களா என்று எப்படி முன்கூட்டியே விசாரித்தாய் என்று கேட்டார். நான் அது சப்பரத்துக் கண்ணாடி அல்ல, மூஞ்சியில் போடும் கண்ணாடி என்றேன். சாமி எதற்கு மூக்குக் கண்ணாடி போடுகிறது என்று கேட்டார். சாமி என்றது தீபிகா என்கிற பெண் பிள்ளையை என்றேன். பெயர் தீபிகா என்றால் தீபிகா என்று சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்டார். எங்கள் பக்கம் பெரியவரும் சாமிதான், பிள்ளையும் சாமிதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அதன் பிறகு தீர்த்தகிரியை அழைத்து வந்து, அந்தச் செய்தியில் வரும் சாமி யார் என்று கேட்டார்கள். அந்த மனிதர் காக்கி உடுப்பைப் பார்த்தாலே லாரியை ஓரங்கட்டிவிட்டு ஆர்.சி. புத்தகத்தைத் தேடுகிறவர். கையைக் கட்டிக்கொண்டு, "சாமின்னா சாமிதானுங்கம்மா" என்றார். மறுபடி கேட்டதற்கும், "நம்ம சாமிதானுங்க" என்றார். பெற்ற பிள்ளையைத்தான் சொல்கிறார். அவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படும் என்றே தோன்றவில்லை. அவர் கும்பிட்டபடி சொன்ன அந்த ஒரு வார்த்தையில் என் தலை உருண்டது. ஆய்வாளர் அம்மா என்னை ரிமாண்டுக்கு அனுப்பத் தாள் எடுக்கச் சொன்னார். நான், "அட மடச்சாம்பிராணி, உன்ற புள்ளைன்னு சொல்லேண்டா" என்று கத்தியது உண்மை. காவல் நிலையத்தில் சத்தம் போட்டதற்கு மட்டும் என் மீது வழக்குப் போட்டால் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கும்போது, தீர்த்தகிரியின் மனைவி உண்ணாமலை, கணவரைத் தேடி மகள் தீபிகாவுடன் நிலையத்துக்குள் வந்தார். பிள்ளை மேசை மேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்ததும், "மாமா, இது நம்மளுது" என்று சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் கையை நீட்டியது. அப்போது இதை எழுதிக்கொண்டிருந்த தலைமைக் காவலர் மதியழகன் அவர்கள் தலையை நிமிர்த்தாமல், "அதத் தொடாத சாமி. அந்தப் பெஞ்சுல போயி உக்காரு" என்றார்.

ஆய்வாளர் அம்மா, "யாரைச் சொன்னீங்க?" என்று கேட்டார். தலைமைக் காவலர் பேனாவோடு எழுந்து நின்று, "இந்தப் புள்ளயத்தானுங்கம்மா" என்றார். பிறகு உட்கார்ந்து, அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். அதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னேன். ஆய்வாளர் அம்மா, "எழுதுங்க" என்றார். ஆகவே எழுதப்பட்டது.

என் பலகையைச் சாக்கடையில் போட்டவர்களே அதை எடுத்துக் கழுவி மாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜோஸ்லின் சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்ன சாமியை எழுதியவர் எல்லா இடத்திலும் "தெய்வம்" என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, கோர்ட்டுக்குப் போகும் தாளில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார். பிறகு அடித்துவிட்டு "குழந்தை" என்று எழுதுவதாகச் சொன்னார். அதுவும் வேண்டாம், என் வாயில் வந்த சொல் சாமி, சாமி என்றே எழுதுங்கள் என்றேன். அடித்துத் திருத்திய இடம் ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து உள்ளது. மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது, உண்மை.

(ஒப்பம்) ரூபன்

என் முன் சொல்ல, என் கையால் எழுதியது, திருத்தங்களும் என்னுடையவை.
மதியழகன், தலைமைக் காவலர்