கத்தரியை மூடத் தெரியாதவன்

கிட்டே வந்து உட்கார் கண்ணு. பயப்படும்படி எனக்குக் கொம்பும் இல்லை, பல்லும் இல்லை. ஒரு கதை சொல்கிறேன், நடந்தது நடந்தபடி.

நான் ஒரு கிருமி. மடுகரை செல்வகுமாரியின் குடலில் எங்கள் கூட்டம் வெகுகாலமாகக் குடியிருந்தது. அவள் தின்று மிஞ்சியதைத் தின்றோம். ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. வயிற்றில் அறுவை செய்தார்கள், உள்ளே தையல் கசிந்தது. வழி திறந்திருந்தது, ரத்தத்துக்குள் போனோம். அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

எங்களிடம் ஒரு நொதி உண்டு. மருந்தை நறுக்கும் கத்தரி என்று வைத்துக்கொள். அதைச் செய்ய இரை நிறையச் செலவாகும். அதனால் சும்மா இருக்கும்போது யாரும் செய்வதில்லை. மருந்து வந்து எங்கள் சுவரை இடித்தால், இடிந்த துண்டுகள் உள்ளே சேரும். அதுதான் எங்களுக்குச் சேதி. உடனே கத்தரி தயாராகும். ஆபத்து போனதும் மூடிவிடுவோம்.

ஒருவனுக்கு மட்டும் பிறவியிலேயே மூடத் தெரியாது. சேதி வந்தாலும் வராவிட்டாலும் செய்துகொண்டே இருப்பான். இரையெல்லாம் அதிலேயே போய் மெலிந்து கிடந்தான். அவன்தான் நான்.

செல்வகுமாரிக்குத் தேர்ந்தெடுத்த மருந்து சமர்த்தானது. அதிகம் சேதி அனுப்பாமலே கொல்லும். அவள் ரத்தத்தை எடுத்துச் செய்த பரிசோதனையில் என் உறவுகள் எல்லாம் சுருண்டு விழுந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என்னை யார் பார்த்தது?

இளங்கோ மனைவியின் கட்டிலருகே ஓடி வந்தான்.

"டெஸ்ட்டு வந்துடுச்சுடி. மருந்து கேக்குதாம்."

"அப்ப வூட்டுக்குப் போவலாமா? நீ ஆக்குன சோத்தத் தின்னு கொழந்த எளச்சிப் போயிருக்கும்."

"இன்னா வாயிடி உனக்கு. மொதல்ல காய்ச்சல் வுடட்டும்."

விட்டது. அவள் இட்லி கேட்டு வாங்கித் தின்றாள். என் உறவுகள் செத்து ஓய்ந்த அமைதி அது. போட்டிக்கு ஆளில்லை, இடம் நிறைய. நான் பெருகினேன். எனக்குப் பிறந்த எதற்கும் மூடத் தெரியாது.

காய்ச்சல் திரும்பியது. மருந்து கேட்கும் என்றுதானே முடிவு வந்தது என்று அதையே ஏற்றினார்கள். வந்ததையெல்லாம் நறுக்கினேன். வேறு மருந்து வந்தபோது அவளுக்குச் சிறுநீர் நின்றிருந்தது. விடிவதற்குள் மூச்சும் நின்றது.

அவள் மேல் எனக்குப் பகை கிடையாது. குடியிருந்த வீட்டின் மேல் யாருக்காவது கோபம் வருமா? மருந்தை நறுக்கினேன், அவ்வளவுதான்.

இளங்கோ அவள் கையை நெடுநேரம் விடவில்லை. தன் கையைக் கழுவாமலே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். நானும் அந்தக் கையில் ஒட்டிக்கொண்டு கூடவே போனேன்.

உன் வீடு நிறைய ஆட்கள் இருக்கட்டும் கண்ணு. ஒருவர் கையால் ஒருவர் சோறு வாங்கித் தின்று நன்றாக இருங்கள்.