கருமாதிக்கு முன் கிரகப் பயணம் இல்லை

திருச்சுழி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு இளவட்டங்கள். ஒருவன் சொன்னான்: "கருமாதி முடியாம புதுக் கிரகத்துக்குப் போகக் கூடாதுலே."

நரிக்குடியையே தாண்டாதவன் நான்; காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கேம்ல அந்தக் கிரகத்தைப் புதுசா இறக்கி மூணு நாளாச்சு. எல்லாப் பயலும் டவுன்லோடு பண்ணி ஆடுறானுக," என்றான் மற்றவன்.

"ஆடட்டும். நம்ம மாரி செத்து ஆறு நாள்தாம்லே ஆகுது."

"நாலு பேரு இருந்தாத்தான் உள்ள விடும். அவன் இடத்துக்கு யாரு?"

"அவன் தங்கச்சி வாரேங்குது. அண்ணன் ஐடியிலயே."

திருச்சுழி வரப்போகிறது.

"அப்ப 'மாரி வந்துட்டான்'னு திரையில காட்டும்லே. தாங்குவியா?"

"அதுக்குத்தாம்லே பதினாறு நாள் கேக்குறேன்."